வெண்டைக்காய் வாக்குமூலம்

"வெண்டைக்காயை ஒதுக்காம சாப்பிடு. கணக்கு நல்லா வரும்."

இந்த வசனத்தைக் கேட்காமல் தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளை அநேகமாக இருக்க முடியாது. நானும் கேட்டேன். சாப்பிட்டேன். பி.காம். வரைக்கும் போனேன். கணக்கு வந்ததா என்பது தனிக்கதை. அந்தக் கொழகொழப்பு மட்டும் இன்றுவரை நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் வீடுகளில் வெண்டைக்காய்ச் சமையல் என்பது கொழகொழப்போடு நடத்துகிற யுத்தம். கழுவி, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் அரிவாள்மனைக்கே போகும். வதக்கும்போது கொஞ்சம் மோர் தெளிப்பார்கள். அல்லது புளித் தண்ணீர். தப்பித்தவறி மூடி போட்டு வேகவிட்டால் தீர்ந்தது. அன்றைக்குக் கறி கிடையாது, பசைதான்.

ஆனால் பூமிப் பந்தின் அந்தப் பக்கத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே அந்தக் கொழகொழப்புக்காகவே வெண்டைக்காயைச் சட்டியில் போடுகிறார்கள். இறாலோடும் நண்டோடும் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, குழம்பு கெட்டிப்பட்டதும் சோற்றின்மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள். அது யார் வீட்டுச் சொத்து என்று சண்டை போடுகிறார்கள்.

ஊர், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ். பதார்த்தம், கம்போ.

இந்தக் கட்டுரை அந்தச் சண்டையைப் பற்றியது.

*

முதலில் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஆரம்பம், எண்ணெயும் மாவும். இரண்டையும் கனமான பாத்திரத்தில் போட்டுக் கிளற வேண்டும். நிறுத்தாமல் கிளற வேண்டும். வெள்ளை மாவு பொன்னிறமாகி, செம்பழுப்பாகி, சாக்லேட் நிறத்துக்கு வருகிற வரைக்கும் அரை மணி, முக்கால் மணி நேரம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஒரு நிமிடம் அசந்தால் கருகிவிடும். கருகினால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. இதற்கு பிரெஞ்சில் ரூ என்று பெயர்.

பதம் வந்ததும் வெங்காயம், குடைமிளகாய், செலரித் தண்டு மூன்றையும் பொடியாக நறுக்கி அதில் கொட்டுகிறார்கள். இறால் ஓட்டையும் நண்டு ஓட்டையும் கொதிக்கவைத்து வடித்த சாறு தனியே தயாராக இருக்கும். அது உள்ளே போகிறது. பிறகு வெண்டைக்காய். பிறகு நண்டு. இறாலும் சிப்பியும் கடைசியில்தான். அதிகம் வெந்தால் ரப்பராகிவிடும்.

வெண்டைக்காய் கிடைக்காத குளிர்காலத்தில் வேறொரு வழி வைத்திருந்தார்கள். சாஸஃப்ராஸ் என்றொரு மரம். அதன் இலையைக் காயவைத்து இடித்த பச்சைப் பொடிக்கு ஃபிலே என்று பெயர். அடுப்பை அணைத்த பிறகுதான் தூவ வேண்டும். கொதியில் போட்டால் நூல்நூலாக இழுக்கும். கோடையில் வெண்டைக்காய், குளிரில் ஃபிலே. இரண்டுமே குழம்பைக் கெட்டியாக்கத்தான்.

கடைசியில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சோறு. அதன்மேல் இந்தக் குழம்பு.

வர்த்தகம் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பேரேடு ஞாபகம்தான் வரும். இந்தச் சட்டிக்கும் ஒரு பேரேடு போட்டுப் பார்க்கலாம். ரூ, பிரெஞ்சுக்காரர்கள் கணக்கில். குடைமிளகாயை ஸ்பானியர்கள் கணக்கில் வைக்கிறார்கள். ஃபிலே பொடி, அந்த மண்ணின் பூர்வகுடிகளான சோக்டா மக்களுடையது. சில வகை கம்போவில் மிதக்கும் புகையூட்டிய தொத்திறைச்சிக்கு பிரெஞ்சுக்காரர்கள், 1720களில் குடியேறிய ஜெர்மானியர்கள் இரண்டு பேருமே உரிமை கொண்டாடுகிறார்கள். வெண்டைக்காயும், அதைக் கொதிக்கவைத்துச் சோற்றில் ஊற்றுகிற பழக்கமும் ஆப்பிரிக்காவின் வரவு.

ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு வரி. சரியாகத்தானே இருக்கிறது? எல்லாரும் கூடிச் சமைத்த கூட்டாஞ்சோறு. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது?

இருக்கிறது. கூட்டாஞ்சோறு என்றால் எல்லாரும் விரும்பி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே சமைத்தவர்களைச் சங்கிலி போட்டுக் கூட்டிவந்தார்கள்.

*

நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த கதை ஒன்று உண்டு.

1722ஆம் வருடம். நியூ ஆர்லியன்ஸ் உருவாகி நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. சதுப்பு நிலம், கொசு, காய்ச்சல், வெள்ளம். பிரான்சிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட பெண்களுக்கு ஒரே கடுப்பு. கோதுமை ரொட்டி கிடையாது. தினமும் மக்காச்சோளம். ஒருநாள் பொறுமை இழந்து, பாத்திரங்களைக் கரண்டியால் தட்டியபடி ஊர்வலமாகப் போய் கவர்னர் பியன்வில் வீட்டு வாசலில் நின்றார்கள். கவர்னர் வெலவெலத்துப்போனார். தன் வீட்டை நிர்வகித்துவந்த மேடம் லாங்ளுவா என்கிற பெண்மணியைக் கூப்பிட்டார். அந்த அம்மாளுக்கு சோக்டா மக்களின் சமையல் தெரியும். ஃபிலே பொடி தெரியும். அவர் மற்ற பெண்களுக்குப் பாடம் எடுத்தார். கலகம் ஓய்ந்தது. ஊருக்கு ஒரு சமையல் கிடைத்தது.

பாவாடைக் கலகம் என்றே இதற்குப் பெயர். எவ்வளவு அழகான கதை! பாத்திரம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, ஒரு கவர்னர் இருக்கிறார், சுபம் இருக்கிறது.

ஆதாரம்தான் இல்லை. அந்தக் காலத்து ஆவணம் எதிலும் இப்படியொரு பாடம் நடந்ததற்குச் சான்று கிடையாது.

இன்னொரு கதை, பிரான்சின் மார்செய் துறைமுகத்து பூயபேஸ் பற்றியது. அது பல வகை மீன்களைப் போட்டுக் கொதிக்கவைக்கும் சூப். ஊர் ஞாபகத்தில் ஏங்கிய பிரெஞ்சுக்காரர்கள் லூசியானாவில் அதைச் சமைக்கப் பார்த்தார்கள், சரியான மீன் கிடைக்கவில்லை, கிடைத்ததைப் போட்டார்கள், அதுதான் கம்போ ஆனது என்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூயபேஸில் வெண்டைக்காய் இல்லை. அது சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் பண்டமும் இல்லை.

மாறாக, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனால் சூப்பு காஞ்சா என்று ஒன்று கிடைக்கும். வெண்டைக்காயைக் கொழகொழவென்று வேகவைத்து, மீனும் கடல் பண்டங்களும் பனை எண்ணெயும் சேர்த்து, சோற்றின்மேல் ஊற்றிக் கொடுப்பார்கள். நியூ ஆர்லியன்ஸ்காரர் ஒருவர் அதைச் சாப்பிட்டால் இரண்டாவது வாயிலேயே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டது தெரிந்துவிடும்.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்களேன். அங்கோலா பகுதி மொழிகளில் வெண்டைக்காய்க்குக் கிங்கோம்போ என்று பெயர். அதில் பாதிதான் கோம்போ. இன்றைக்கும் பிரெஞ்சு மொழியில் வெண்டைக்காய் கோம்போதான். சோக்டா மொழியில் ஃபிலே பொடிக்குக் கோம்போ என்று பெயர் உண்டு, அதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு கட்சியும் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் பலரும் ஆப்பிரிக்கா பக்கமே சாய்கிறார்கள். ஆங்கிலத்தில் அமெரிக்கர்கள் சொல்கிறார்களே ஓக்ரா, அதுவும் ஆப்பிரிக்கச் சொல்தான். நைஜீரியாவின் இக்போ மொழியிலிருந்து போனது.

காயும் அவர்களுடையது. காயின் பெயரும் அவர்களுடையது. பிறகு எப்படி மேடம் லாங்ளுவா நடுவில் வந்தார்?

*

அதற்கு ஒரு கம்பெனியின் கதையைப் பார்க்க வேண்டும்.

ஜான் லா என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். சூதாட்டத்தில் கில்லாடி. கணக்கில் மகா கில்லாடி. (வெண்டைக்காய் சாப்பிட்டாரா தெரியாது.) கடனில் மூழ்கியிருந்த பிரெஞ்சு அரசிடம் பேசி, லூசியானாவின் வர்த்தக உரிமை முழுவதையும் தன் கம்பெனிக்கு வாங்கிக்கொண்டார். அங்கே தங்கம் கொட்டிக்கிடப்பதாக நம்பி பாரிஸில் ஜனங்கள் பங்குகளை வாங்கிக் குவித்தார்கள். விலை விண்ணுக்குப் போனது. 1720இல் குமிழி வெடித்தது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு மிசிசிப்பிக் குமிழி என்றால் தெரிந்திருக்கும்.

பங்குச் சந்தைக் கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அதே கம்பெனியின் இன்னொரு கணக்கைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

காலனியில் பசி. பிரான்சிலிருந்து மாவு மூட்டை வந்தால் சோறு, வராவிட்டால் பட்டினி. அந்தச் சதுப்பில் கோதுமை வராது. நெல் வரும். ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு நெல் பயிரிடத் தெரியாது. யாருக்குத் தெரியும்? செனகல், காம்பியா ஆற்றோரங்களில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்களுக்குத் தெரியும்.

1719இல் லூசியானாவுக்கு அடிமைகளை ஏற்றிவந்த முதல் இரண்டு கப்பல்களின் கேப்டன்களுக்கு ஒரு உத்தரவு போனது. விதைநெல் மூன்று நான்கு பீப்பாய் வாங்கிவரவும். கூடவே, நெல் பயிரிடத் தெரிந்த சில கறுப்பர்களையும் வாங்கிவரவும்.

ஒரே உத்தரவு. ஒரே வாக்கியம். விதையும் ஆளும் பக்கத்துப் பக்கத்து வரியில். இரண்டுமே கொள்முதல்.

நான் படித்த கணக்குப்பதிவியலில் திறமைக்குத் தனியாக விலை போடுவது எப்படி என்று சொல்லித்தரவில்லை. அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. பிடித்துவந்தது வெறும் கையையும் காலையும் அல்ல, ஒரு விவசாய அறிவை. விதையைப் பீப்பாயில் ஏற்றலாம். அறிவை ஆளோடுதானே ஏற்ற முடியும்?

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1719க்கும் 1743க்கும் நடுவே, 23 கப்பல்களில் சுமார் ஆறாயிரம் பேர் லூசியானாவில் இறக்கப்பட்டார்கள். அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு செனகல், காம்பியா பகுதி மக்கள். 1730களிலேயே அந்தக் காலனியில் வெள்ளையர்களைவிட ஆப்பிரிக்கர்கள் அதிகம். வயலில் அவர்கள்தான். அடுப்படியிலும் அவர்கள்தான்.

எஜமானி அடுப்படிக்கு வந்து கரண்டி பிடித்தாள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தினமும் முக்கால் மணி நேரம் அந்த மாவைக் கிளறியது யார்?

*

இப்போது ஒரு விசாரணை அறைக்குள் போவோம்.

1764, செப்டம்பர் மாதம். நியூ ஆர்லியன்ஸ். எதிரே ஓர் அடிமைப் பெண் நிற்கிறாள். வயது 50. பெயர் கோம்பா. (பதார்த்தத்தின் பெயரோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். அது மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களுக்கு வைக்கும் பெயர்.) துணிமணிகளையும் ஒரு பன்றியையும் திருடிய வேறு சில அடிமைகளோடு அவளுக்குத் தொடர்பு என்று சந்தேகம்.

விசாரிக்கிறவர் கேட்கிறார். லூயி என்கிற அடிமைக்கு நீ கோம்போ கொடுத்தாயா, இல்லையா?

கோம்பா சொல்கிறாள். கொடுத்தேன்.

குமாஸ்தா பிரெஞ்சில் எழுதிக்கொள்கிறார். அவ்வளவுதான்.

இருநூறு வருடத்துக்கும் மேல் அந்தக் காகிதம் ஆவணக் கட்டுக்குள் கிடந்தது. லூசியானாவின் ஆப்பிரிக்கர்களைப் பற்றி வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த க்வெண்டலின் மிட்லோ ஹால் என்கிற வரலாற்றாசிரியர் அதைக் கண்டெடுத்தார். நியூ ஆர்லியன்ஸில் கம்போ என்கிற உணவைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று அதுதான் என்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கவர்னர் வீட்டு மேடத்துக்கு ஆதாரம் இல்லை, ஆனால் புகழ் இருக்கிறது. கோம்பாவுக்கு ஆதாரம் இருக்கிறது, புகழ் இல்லை. அந்த ஆதாரமும் சமையல் புத்தகத்தில் கிடைக்கவில்லை. குற்ற விசாரணைக் கட்டில் கிடைத்தது. ஓடிவந்த ஒருவனுக்கோ பசியில் நின்ற ஒருவனுக்கோ ஒரு கிண்ணம் குழம்பு ஊற்றினாள் ஒரு பெண். அது அரசாங்கத்துக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அதனால் எழுதிவைத்தார்கள். சந்தேகப்படாமல் இருந்திருந்தால், கோம்பா என்று ஒருத்தி இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

*

அடுத்த நாற்பது வருடத்தில் அடிமைகளின் சட்டியிலிருந்த குழம்பு எஜமானர்களின் மேஜைக்கு வந்துவிட்டது.

1803. லூசியானாவை நெப்போலியன் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்ற வருடம். கைமாற்றிக் கொடுக்க வந்த பிரெஞ்சு அதிகாரி லொஸா என்பவர், அந்தச் சமயத்தில் நடந்த தடபுடலான விருந்து ஒன்றைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதில் 24 வகை கம்போ பரிமாறப்பட்டதாம். ஆறோ எட்டோ கடலாமையில் செய்தவை.

24 வகை! சமைத்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

1809இல் இன்னொரு அலை. ஹைத்தியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து பிரெஞ்சு ஆட்சியைத் தூக்கி எறிந்ததையடுத்து கியூபாவில் ஒதுங்கியிருந்தவர்கள், அங்கிருந்தும் துரத்தப்பட்டு நியூ ஆர்லியன்ஸ் வந்து இறங்கினார்கள். வெள்ளையர், சுதந்தரக் கறுப்பர், அடிமைகள் எல்லாமாகக் கிட்டத்தட்டப் பத்தாயிரம் பேர். ஊரின் ஜனத்தொகை இரட்டிப்பானது. கரீபியன் தீவுகளின் கைப்பக்குவமும் சட்டியில் சேர்ந்தது. காலனியிலேயே பிறந்து, பல ரத்தமும் பல மொழியும் கலந்து உருவான இந்தக் கலாசாரத்துக்குக் கிரியோல் என்று பெயர். அவர்கள் பேசிய ஆப்பிரிக்க வாசனை அடித்த பிரெஞ்சையும் கோம்போ என்றே சொன்னார்கள். சாப்பாட்டுக்கும் மொழிக்கும் ஒரே பெயர்.

பிறகு புத்தகங்கள் வந்தன.

1885இல் லஃப்காடியோ ஹெர்ன் ஒரு கிரியோல் சமையல் புத்தகம் வெளியிட்டார். பின்னாளில் ஜப்பானுக்குப் போய்ப் பேய்க்கதை எழுதிப் புகழ்பெற்றாரே, அதே ஹெர்ன். அப்போது நியூ ஆர்லியன்ஸில் பத்திரிகைக்காரர். புத்தகத்தின் தலைப்புப் பக்கத்திலேயே நன்றி இருக்கிறது. யாருக்கு? பிரபல சமையல் நிபுணர்களுக்கும் கிரியோல் இல்லத்தரசிகளுக்கும். ஊரின் சமையலைப் புகழ்பெறச் செய்தவர்கள் அவர்கள்தானாம்.

1900இல் உள்ளூர் நாளிதழ் ஒன்று தன் பெயரிலேயே சமையல் புத்தகம் போட்டது. பழைய கறுப்புச் சமையல்காரிகள் மறைந்துவருகிறார்களே என்று அதில் உருகினார்கள். கூடவே இன்னொன்றும் எழுதினார்கள். அந்தச் சமையல்காரிகளைக் கவனமாகப் பழக்கி வழிநடத்தியவர்கள் வெள்ளை எஜமானிகள்தானாம்!

பாத்திரம் தேய்த்தவளுக்கு அனுதாபம். பாராட்டு எஜமானிக்கு. மேடம் லாங்ளுவா கதை எங்கிருந்து சத்து உறிஞ்சி வளர்ந்தது என்று இப்போது புரிகிறதா?

இத்தனைக்கும் நடுவே, 1881இல், சான் பிரான்சிஸ்கோவில் ஆபி ஃபிஷர் என்கிற பெண்மணியின் சமையல் புத்தகம் வந்தது. தெற்கில் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். அதில் கம்போ இருக்கிறது. கோம்பாவும் சொன்னாள், ஒரு குமாஸ்தா எழுதினார். ஆனால் இங்கே அட்டையில் சொன்னவரின் பெயர் இருக்கிறது. இந்த ஒரு படி ஏறுவதற்கு 117 வருடம் ஆகியிருக்கிறது.

*

இருபதாம் நூற்றாண்டு வந்த பிறகாவது நிலைமை மாறியதா?

இரண்டு காட்சிகள் சொல்கிறேன்.

ஒன்று, வாஷிங்டன். ஆலன் எலண்டர் என்று லூசியானாவின் செனட்டர். 1937இலிருந்து 1972இல் சாகும்வரை பதவியில் இருந்தார். பிரமாதமாகச் சமைப்பார். அவர் கையால் செய்த கம்போவைச் சாப்பிடாத பெரிய மனிதர்கள் வாஷிங்டனில் குறைவு. அவர் இறந்த பிறகு, அவர் நினைவாக செனட் உணவகத்தின் பட்டியலில் லூசியானா கம்போவைச் சேர்த்தார்கள். நல்ல மரியாதைதான். ஆனால் இதே எலண்டர், கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் கடைசிவரை உறுதியாக நின்றவர். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிப்பதை எதிர்த்து 1956இல் தென் மாநிலத்து உறுப்பினர்கள் விட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். 1964இன் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்.

குழம்பு வேண்டும். குழம்பைக் கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்து நாற்காலியில் உட்காரக் கூடாது.

இரண்டாவது காட்சி, நியூ ஆர்லியன்ஸ். டூக்கி சேஸ் உணவகம். 1941இல் சாண்ட்விச்சும் லாட்டரிச் சீட்டும் விற்கிற சின்னக் கடையாக ஆரம்பித்தது. 1946இல் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தார் லியா சேஸ். கறுப்பர்கள் வெள்ளைக்காரர்களின் பெரிய உணவகங்களுக்குச் சமைக்கப் போகலாம், பரிமாறப் போகலாம், உட்கார்ந்து சாப்பிட முடியாது என்றிருந்த காலம். லியாவே அப்படி ஓர் இடத்தில் பரிமாறியவர்தான். எங்கள் ஆட்களுக்கும் வெள்ளை விரிப்பு போட்ட மேஜை வேண்டும் என்று பிடிவாதமாக நின்று கடையை மாற்றினார். கடையின் பெருமை, கடல் பண்டங்கள் போட்ட கிரியோல் கம்போ.

அந்த உணவகத்தின் மாடி அறையில் சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் கூடுவார்கள். கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்தே. ஒரே மேஜையில் இரண்டு நிறத்தவரும் உட்கார்ந்து சாப்பிடுவது அப்போது அங்கே சட்டவிரோதம். மார்ட்டின் லூதர் கிங் வந்திருக்கிறார். 1961இல் பஸ்களில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் போய் அடிபட்ட இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். மேலே திட்டம் போடுவார்கள். கீழேயிருந்து லியா கம்போவும் பொரித்த கோழியும் அனுப்புவார். ஒரு கிண்ணம் கம்போவை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் போக்கையே மாற்றினோம் என்று பிற்பாடு அவர் சொல்வதுண்டு.

கோம்பா லூயிக்குக் கொடுத்தது போலத்தான். சட்டம் சந்தேகப்படுகிற ஆளுக்கு ஒரு கிண்ணம் குழம்பு.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல். கரைகள் உடைந்து நகரத்தின் 80 சதவிகிதம் தண்ணீருக்குள் போனது. டூக்கி சேஸ் உணவகமும் மூழ்கியது. லியாவுக்கு அப்போது 82 வயது. எதிரே ஒரு டிரெய்லர் வீட்டில் தங்கிக்கொண்டு, 2007இல் கடையைத் திறந்துவிட்டார். ஜனாதிபதி தேர்தலில் நின்ற பராக் ஒபாமா சாப்பிட வந்தார். ருசி பார்க்காமலே கம்போவில் மிளகாய் சாஸை ஊற்றப் போனவரை, என் கம்போவில் அதையெல்லாம் ஊற்றக் கூடாது என்று அதட்டிவிட்டார் கிழவி! 2009இல் வால்ட் டிஸ்னி கம்பெனி எடுத்த ஒரு கார்ட்டூன் படத்தில், சொந்த உணவகம் நடத்தக் கனவு காணும் கறுப்பின இளவரசிக்கு மாதிரி இவர்தான். 2019இல், 96ஆவது வயதில் காலமானார்.

250 வருடம் பெயரில்லாமல் கிளறிய கைகளுக்கு, ஒருவழியாக ஒரு பெயர் கிடைத்தது.

*

கடைசியாக ஒரு செய்தி. நம்மையும் கொஞ்சம் தொடுவது.

லூசியானாவின் இறால் மீனவர்கள் இப்போது நொந்துபோயிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பண்ணை இறால் மலிவு விலையில் வந்து குவிகிறது. அமெரிக்காவுக்கு இறால் விற்கும் நாடுகளில் பல வருடங்களாக முதலிடத்தில் இருப்பது இந்தியா. பெரும்பகுதி ஆந்திரக் கரையோரப் பண்ணைகளில் வளர்ந்தது. ஆக, நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் ஆசையாக ஒரு கிண்ணம் கம்போ வாங்கினால், அதில் மிதப்பது நம் ஊர்ப்பக்கத்து இறாலாகவும் இருக்கலாம்.

உள்ளூர் மீனவர்கள் போராடினார்கள். 2019இல் லூசியானாவில் ஒரு சட்டம் வந்தது. பிறகு அதை இன்னும் இறுக்கினார்கள். உணவகத்தில் பரிமாறுவது வெளிநாட்டு இறால் என்றால் அதைச் சாப்பிட வருகிறவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதை மறைத்தால் அபராதம்.

நியாயமான சட்டம்தான். உழைக்கிறவன் வயிற்றுப் பிரச்னை. சட்டிக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது என்று சாப்பிடுகிறவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

இறாலுக்கு இந்த நியாயம் கிடைத்துவிட்டது. வெண்டைக்காய்க்கும் நெல்லுக்கும், அவற்றோடு கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கும் அப்படியொரு சட்டம் யாரும் போடவில்லை. அவர்கள் தரப்பில் இருப்பது ஒரு விசாரணைக் காகிதம் மட்டும்தான். 1764இல் 50 வயது கோம்பாவிடம் கேட்டார்கள். கோம்போ கொடுத்தது நீதானா?

அவள் மறுக்கவில்லை.